ஆணி அடிக்காத கப்பல்

நீலாவதி பெஞ்சின் மேலிருந்த கப்பல்களை முழங்கையால் வழித்துத் தள்ளினாள். பாய்மரம் நட்டது ஒன்று, நடாதது ஒன்று, விலாக்கட்டையோடு நின்றுபோனது ஒன்று, எல்லாம் கொட்டகைத் தரையில் விழுந்து உருண்டன. ஒன்றின் மூக்கு உடைந்தது. உடையட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"ம்மா, நைனாவுதும்மா அதெல்லாம்" என்றான் அரிகிருஷ்ணன். பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயசு. யார் என்ன சொன்னாலும் சரி என்பான்.

"நைனாவுதுன்னு எனக்குத் தெரியாதா? நைனாவ தரையில கெடத்திட்டு கப்பல பெஞ்சு மேல வெச்சிருக்கச் சொல்றியா?"

அவன் குனிந்து உருண்டவற்றை ஓரமாக ஒதுக்கினான்.

விடிகிற நேரத்தில் பல் விளக்கக் கொல்லைக்குப் போன அவள் புருஷன் தேவநாதன், கிணற்றடியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கம்பவுண்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எதையும் எடுக்காமலே திரும்பிப் போனார். ஆளைக் கிடத்த நீளமான பெஞ்சு வேண்டும் என்றார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் முன்பக்கம் ஆணிக்கடை, நடுவில் வீடு, பின்னால் கொட்டகை என்று இருந்த அந்த வீட்டில் நீளமான பெஞ்சு ஒன்றே ஒன்றுதான். அதில் மனுஷர் யாரும் உட்கார்ந்ததில்லை. கப்பல்கள்தான் உட்கார்ந்திருந்தன.

பெஞ்சை இழுத்ததும் அதன் அடியில் சுவரோரமாக ஒரு சதுரத் தகரப்பெட்டி தெரிந்தது. கடைகளுக்கு பிஸ்கட் வருகிற பெட்டி. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்திருந்தது. நீலாவதி அதைக் காலால் எத்தினாள். இத்தனை பெரிய பெட்டி வெறும் காற்றுப் போல நகர்ந்தது. தேவநாதன் செய்து வைத்த எதுவும் எடையில்லாமல் இருந்ததே கிடையாது. அவள் குனிந்து மெழுகை நகத்தால் பெயர்த்தாள்.

உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு நடுவில் பாண்டுவின் கப்பல்.

பாண்டுரங்கன் அவளுடைய ஒரே தம்பி. புதுச்சேரியில் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. அவன் தெருவில் பாதிப் பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், இருப்பவர்கள். லீவில் வருகிறபோது ஒருவருக்கு சென்ட், ஒருவருக்கு ஒயின் என்று வாங்கி வருகிறவர்கள் இவனுக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவருவார்கள். பெட்டிக்குள் ஒரு கப்பல் துண்டுதுண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர். மரம், நூல், பாய்க்குத் துணி, பசை, எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று படம் போட்ட காகிதம். பாண்டு ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தானானால் ஒரு மாசத்தில் கப்பல் எழுந்து நிற்கும். ஒரு தலைமுடி அளவு கோணல் இருக்காது.

தேவநாதனுக்கும் கப்பல் பைத்தியம்தான். அதுவும் புதுச்சேரியில் பிடித்ததுதான். நீலாவதியைப் பெண் பார்க்கப் போனபோது கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அதுவரை செஞ்சிக் கோட்டைச் செட்டிகுளத்தைத் தவிர பெரிய தண்ணீர் எதுவும் பார்த்திராத மனிதர், தூரத்தில் நின்ற சரக்குக் கப்பலைப் பார்த்தபடி நின்றுவிட்டார். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்தாரோ இல்லையோ கப்பலைப் பார்த்துவிட்டுப் போனார் என்று அவளுடைய அம்மா சாகிறவரை சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவர் பெட்டி வாங்கி ஒட்டுகிற ஜாதி இல்லை. பூவரசங்கட்டை, உடைந்த தேக்குக் கதவு, காலண்டரில் இருந்த ஒரு கப்பல் படம். அதை வைத்துக்கொண்டு தானே அறுத்து, தானே இழைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி ஆரம்பித்து, ஒன்றைத் தவிர எதையும் முடிக்காமல் வருஷம் வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் சேர்ந்தால் இதே பேச்சுதான்.

"பெட்டியப் பிரிச்சு ஒட்டிட்டு நான் கப்பல் கட்னேன்னு சொல்றியே பாண்டு, அப்பளம் வாங்கிப் பொரிச்சிட்டு நான் சமைச்சேன்னு சொல்ற மாதிரி இருக்குது."

"அரிசிய நீங்களே வெளைய வெச்சா மாமா சமைக்கறீங்க? மெதக்குதா பாருங்க. மெதந்தா கப்பல். இல்லன்னா வெறவு."

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சு. ஆறு வருஷத்துக்கு முந்தின காணும் பொங்கலன்று கோட்டைக்குப் போனபோதுதான் வினை வந்தது. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு குடும்பமாகப் போனார்கள். மச்சான்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைத்தெருவே அங்கே இருந்தது. செட்டிகுளத்தில் பாண்டு தன்னுடையதை விட்டான். அது கழுத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தேவநாதன் தன்னுடையதை விட்டார். வாழ்க்கையில் அவர் முடித்த ஒரே கப்பல். அது இரண்டு முழம் போய், பக்கவாட்டில் படுத்து, முழுகிவிட்டது.

ஆணிக்கடைக்காரர் கட்டின கப்பல் வேறு எப்படி இருக்கும்? கைக்கு எட்டிய இடத்தில் பத்து தினுசு ஆணி. இரண்டு பலகை சேருகிற இடத்தில் ஒன்று அடித்தால் போதும் என்றால் அவர் ஆறு அடித்திருந்தார். சேர்ந்தது விட்டுப்போகக் கூடாது என்று பார்த்தாரே தவிர அது தண்ணீரில் நிற்க வேண்டும் என்று பார்க்கவில்லை.

"மாமா கடையில பாதி சரக்கு கொளத்துல போயிடுச்சி" என்றான் பாண்டு. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தேவநாதனும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். அவர் பாண்டுவின் கப்பல் கரை ஒதுங்குகிற வரை காத்திருந்தார். ஒதுங்கியதும் செருப்புக் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார். வைத்து அழுத்தினார்.

பிறகு பேசியதெல்லாம் பேசக்கூடாதது. இனி உங்கள் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றான் பாண்டு. என் பிணத்தைக்கூட நீ பார்க்கக்கூடாது என்றார் இவர். புளிசாதம் அப்படியே வீடு திரும்பியது. அதோடு நீலாவதி பிறந்த வீட்டுக்குப் போவதும் நின்றது.

அந்தக் கப்பல்தான் இப்போது அவள் கையில் இருந்தது. நொறுங்கியதை எப்போது பொறுக்கி எடுத்து வந்தாரோ. நொறுங்கிய விலாவெல்லாம் புதிதாகச் செதுக்கி வைத்திருந்தது. பழைய மரம் வெளுப்பு, புதிய மரம் கொஞ்சம் சிவப்பு. கிட்டே வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் ஆணி இல்லை. எல்லா இடத்திலும் ஊசி அளவுக்கு மூங்கில் ஆப்பு. பாய்கள் புதிது. சுண்ணாம்பு வெள்ளை.

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. மனுஷனுக்கு மனசு இருந்திருக்கிறது என்று நினைத்தாள். இருந்ததை என்னிடம்கூட சொல்லாமல் வைத்திருந்தாரே என்று நினைத்தாள். அரிகிருஷ்ணன் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினாள்.

"தூக்குடா" என்றாள்.

தேவநாதனைக் கூடத்தில் பெஞ்சின் மேல் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். வாய்க்கட்டு, கால்கட்டு கட்டினார்கள். தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். பறைமேளத்துக்கு ஆள் போயிற்று. தகரப்பெட்டியை நீலாவதி அடுக்களையில் அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தேவநாதனுடைய அண்ணன் ஆதிநாராயணன் மல்லாட்டை மண்டிக்காரர், கடலை மூட்டை வாங்கி விற்கிறவர். குள்ளம். குரல் மட்டும் பெரிது. வந்து தம்பி காலில் விழுந்து அழுதார். எழுந்தார். மூக்கைச் சிந்தினார். நேரே காரியத்துக்கு வந்துவிட்டார்.

"நீலா, பொறந்த வூட்டுக் கோடி விசயம் இன்னா பண்றது? அது வுழாம எடுக்க முடியாது. வல்லத்துலேர்ந்து உங்க சித்தப்பா மவன் வந்துகினு இருக்கறான். அவனே போட்டுடட்டும்."

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும். கூடப்பிறந்தவன் அதைப் பிணத்துக்குப் பக்கத்தில் வைத்து அவள் தோளில் போட வேண்டும். உனக்குப் புருஷன் போனாலும் நாங்கள் இருக்கிறோம் என்று ஊருக்கு முன்னால் சொல்கிற சடங்கு அது. கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் வந்து போட்டால், இவளுக்கு யாரும் இல்லை என்று ஊருக்கு முன்னால் சொன்னதாகிவிடும். நீலாவதிக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சோறு வேண்டாம், ஆறுதல் வேண்டாம், பாண்டு கையால் கோடி விழ வேண்டும்.

"என் தம்பி உசுரோட இருக்கறான் மாமா" என்றாள்.

"இருக்கறான். யாரு இல்லன்னா? என் தம்பி இன்னா சொல்லிட்டுப் போயிருக்கறான்? என் பொணத்தக்கூட பாக்கக்கூடாதுன்னு பஜாரு ஜனத்துக்கு முன்னால சொன்னான். செத்தவன் சொல்லுக்கு ஒரு மரியாத வேணாமா?"

உயிரோடு இருந்தபோது தம்பி சொன்ன ஒரு சொல்லையும் இந்த மனிதர் காதில் போட்டுக்கொண்டதில்லை. கடையில் தராசு தொங்குகிற இடம் முதற்கொண்டு இவர் சொன்னபடிதான். இப்போது தம்பியின் சொல்லுக்குக் காவல் நிற்கிறார்.

"பாவாடைய அனுப்பிட்டேன். மொதல் பஸ்ல போயிட்டான்" என்றாள்.

பாவாடை கடையில் வேலை செய்கிறவன். ஆதிநாராயணன் முகம் கறுத்துவிட்டது.

"யாரக் கேட்டு அனுப்புன?"

"யாரையும் கேக்கல."

"ம்மா" என்று மெல்ல ஆரம்பித்தான் அரிகிருஷ்ணன். "பெரிப்பா சொல்றதும் சரிதானே. நைனாவோட கடைசி வார்த்த..."

"அது கடைசி வார்த்த இல்லடா. 'சொம்ப எங்க வெச்ச'ன்னு கேட்டாரே, அதான் கடைசி வார்த்த. கெணத்தடிக்குப் போறப்ப கேட்டது. வேணும்னா அதக் காப்பாத்து."

உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். புருஷன் கிடக்கிறான், இவள் வாயைப் பார் என்பது அந்தப் பார்வை. நீலாவதி அதற்கும் ஒரு பார்வை பார்த்தாள்.

தந்தி அடிக்காமல் ஆளை அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அம்மா செத்தபோது பாண்டு தந்திதான் அடித்தான். தேவநாதன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சாவுச் சேதின்னா ஆள் வந்து சொல்லணும். பொண்ணு குடுத்த வூட்டுக்குத் தபால்காரன் சொன்னா போதுமா?" என்றார். அரை நாள் அதையே பேசினார். அதற்குமேல் பொறுக்காமல் நீலாவதி கட்டின புடவையோடு தனியாகப் பஸ் ஏறினாள். திண்டிவனத்தில் மாறி, புதுச்சேரியில் இறங்கி, ஓடிப் போய் நின்றபோது வீடு கழுவி விட்டிருந்தார்கள். ஈரத் தரைதான் இருந்தது. "மாமா வந்து நடந்ததுக்கு வருத்தம் சொல்லியிருந்தா நானே ஆள் அனுப்பியிருப்பேன்" என்றான் பாண்டு, மொட்டைத் தலையோடு. அம்மா முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது அந்தக் காணும் பொங்கலுக்கு முந்தின தீபாவளியில்.

உச்சிவேளைக்கு அனந்தபுரத்திலிருந்து மகள் ஞானம்பாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து அப்பன் மேல் விழுந்தாள். நைனா நைனா என்று அவள் கத்தியதில் எல்லோரும் அழுதார்கள். குழந்தை பயந்துபோய் வீல் என்று கத்தியது. பால் காய்ச்சித் தர அதை அடுக்களைக்குத் தூக்கிப் போன நீலாவதிக்குப் பின்னாலேயே ஞானம்பாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் அரிசிப்பானைப் பக்கம் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னும் குடுக்கலியா இத?"

"எத?" என்றாள் நீலாவதி.

"மாமா கப்பல. நைனா குடுத்துட்டாருன்னு நெனச்சேன்."

நீலாவதி பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் கண்ணு முன்னாலதானே தச்சாரு. இவன் பொறந்து நான் இங்க படுத்திருந்தப்ப. தொட்டில் பக்கத்துல ஒக்காந்து பாய் தச்சாரு. ஊசி நான்தான் குடுத்தேன்." ஞானம்பாள் மூடியைத் திறந்து ஒரு பாயைத் திருப்பிக் காட்டினாள். சுண்ணாம்பு பூசாத உள்பக்கத்தில் நீலப் புள்ளிகள் இருந்தன. பேரனுக்கு முதல் சட்டை தைக்க நீலாவதி வாங்கிய துணி. மிச்சம் காணாமல் போனதற்கு ஞானம்பாளோடுதான் சண்டை போட்டாள். "அம்மாகிட்ட சொல்லாத, மாசி மகத்துக்கு நானே எடுத்துனு போயி பாண்டுகிட்ட குடுக்கப் போறேன், அவ அசந்துடணும்னாரு."

"அப்புறம்?"

"மாசி மகத்துக்கு முன்னால கேட்டேன். இவ்ளோ செஞ்சவன் நானே போய் அவன் படி ஏறணுமா, ஒரு வார்த்த அவன் வந்து கூப்புடட்டும்னாரு. அதோட நான் விட்டுட்டேன்."

நீலாவதி மாசங்களை எண்ணிப் பார்த்தாள். பேரன் பிறந்தது ஐப்பசியில். அந்த மாசி மகத்துக்குப் பிறகு வந்த ஆடியில் அம்மா போனாள். நடுவில் பங்குனி இருந்தது. சித்திரை இருந்தது. வைகாசி, ஆனி இருந்தது. செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கு தினமும் பஸ் ஓடியது. கப்பல் சரியாகித் தயாராக இந்தப் பெஞ்சின் அடியில் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தது. மேலே இவர் உட்கார்ந்து அடுத்த கப்பலுக்குக் கட்டை இழைத்துக்கொண்டிருந்தார். அம்மா அங்கே படுக்கையில் கிடந்தாள்.

காலையில் அழுத அழுகையை நினைத்தால் அவளுக்கு அவமானமாக இருந்தது. மனம் மாறாத மனிதனோடு வாழ்ந்துவிட்டேன் என்றாவது இருந்திருக்கலாம். மாறியிருக்கிறது. மாறியதை மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்.

கூடத்துக்குப் போய்ப் பெஞ்சின் தலைமாட்டில் நின்றாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் 'நீங்க' என்று கூப்பிட்ட வாய்.

"பாவி" என்றாள். "மரத்த சரி பண்ணத் தெரிஞ்சுதே உனக்கு. ஊசி மாதிரி ஆப்பு செதுக்கத் தெரிஞ்சுதே. ஒரு பஸ் ஏறத் தெரியலியா? எங்கம்மா மொகத்த எனக்கு இல்லாமப் பண்ணிட்டியே. பண்ணிட்டு எங்கிட்டயே மூணு வேள சோறு தின்னியே!"

ஒப்பாரி என்று நினைத்து இரண்டு பெண்கள் கூடவே சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். கல்லு மாதிரி இருந்தவ இப்பத்தான் அழுவறா என்றாள் ஒருத்தி. நீலாவதி அழவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பாவாடை வந்தான். பின்னால் பாண்டுரங்கன் வந்தான். நல்ல உயரம். தலை நரைத்திருந்தது. கையில் தாம்பாளம். அதில் கோடிப்புடவை, பூ, மஞ்சள். எதிர்வாடைச் சைக்கிள் கடை நிழலில் நின்றுவிட்டான். மேளம் அடித்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் வரவில்லை.

நீலாவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஆதிநாராயணன் படியிறங்கி நடுத்தெருவில் போய் நின்றார்.

"படி ஏற மாட்டேங்க" என்றான் பாண்டு, அவர் கேட்பதற்கு முன்னாலேயே. "மாமாகிட்ட சொன்ன சொல்லு அது. அவரு செத்துட்டாரேன்னு இன்னிக்கு மாத்திக்கினா, அவர் இருந்தப்ப நான் சொன்னதுக்கு இன்னா அர்த்தம்?"

"அதான் ஆம்பள பேச்சு" என்றார் ஆதிநாராயணன். முகத்தில் காலையிலிருந்து இல்லாத நிம்மதி. "எங்க ஆளும் சொல்லிட்டுப் போயிருக்கறான். ரெண்டு பக்கத்து சொல்லும் நிக்கணும். வல்லத்து மச்சான் இங்கதான் இருக்கறாரு. தாம்பாளத்த அவருகிட்ட குடுத்துடுங்க. உங்க புடவ, அவரு கை. யாருக்கும் தப்பில்ல."

பாண்டு யோசித்தான். தலையாட்டினான். அவரும் தலையாட்டினார். ஆறு வருஷத்தில் இந்த இரண்டு வீட்டு ஆண்களும் ஒத்துக்கொண்ட முதல் காரியம் அது. சித்தப்பா மகன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தை வாங்கக் கையை நீட்டினான். அவனும் நல்லவன்தான். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான்.

நீலாவதி அடுக்களைக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். கூடத்தைத் தாண்டினாள். நிலைப்படியைத் தாண்டும்போது ஒரு கிழவி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி போற? தாலி கட்னவன் கெடக்கறான், தெருவுல எறங்கக் கூடாதுடி!"

"வுடு" என்றாள் நீலாவதி.

மூன்று படி இறங்கி, மேளக்காரர்களைத் தாண்டி, சித்தப்பா மகனைக் கையால் விலக்கிவிட்டுத் தம்பி முன்னால் போய் நின்றாள். மேளம் நின்றுவிட்டது.

"பொணத்தப் பாக்க வந்தியா, சொல்லக் காப்பாத்த வந்தியா?"

"அக்கா..."

"இந்தா. உன் கப்பல்."

அவன் தாம்பாளத்தைப் பாவாடையிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை வாங்கினான். திறந்தான். அவன் கட்டைவிரல் தன்னால் கப்பலின் அடிப்பக்கத்துக்குப் போயிற்று. எது பெட்டியில் வந்த துண்டு, எது செதுக்கி வைத்த துண்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போயிற்று. மூங்கில் ஆப்பு இருந்த இடத்தில் நின்றது.

"மாமாவா?" என்றான்.

"அவர்தான். அம்மா உசுரோட இருக்கறப்பவே முடிச்சிட்டாரு. எடுத்துக்கினு வர்றதா இருந்தாராம். நீ வந்து கூப்புடணும்னு இங்க ஒக்காந்துட்டாரு. அவரு வந்து கேக்கணும்னு நீ அங்க ஒக்காந்துட்ட. நடுவுல எங்கம்மா செத்தா." அவள் குரல் உயர்ந்தது. "அவ என்னைக் கேட்டாளாடா? படுத்திருக்கறப்ப என்னைக் கேட்டாளா இல்லியா?"

பாண்டு கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டாளாடா?"

"கேட்டாக்கா."

"எத்தினி வாட்டி?"

"தெனம்" என்றான். சொன்னதும் அவன் வாய் கோணிக்கொண்டது. நாலு பேர் பார்க்க, தலை நரைத்த மனிதன், பிஸ்கட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதான்.

அந்தப் பெட்டியைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது நீலாவதிக்கு. அது தரையில் விழுந்து உடைய வேண்டும், அதை இவனும் மிதிக்க வேண்டும், தானும் மிதிக்க வேண்டும். கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழுதது போதும். கோடியப் போடு."

"உள்ள வந்து..."

"நீ உள்ள வர வாணாம். நானும் உள்ள போவல. இங்கயே போடு."

"நீலா!" என்றார் ஆதிநாராயணன். "தெருவுல கோடி போடறதா? பொணத்துக்குப் பக்கத்துல வெச்சிப் போடணும். அதான் நம்ம வூட்டு வழக்கம்."

"அப்பன்னா பொணத்த இங்க தூக்கினு வாங்க."

கடைப்பலகை மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள்.

"புத்தி பேதலிச்சிப் போச்சா உனக்கு? குளிப்பாட்டற நேரம் வர்றதுக்கு முன்னால பொணம் படி தாண்டக்கூடாது."

"அவரும் வர மாட்டாரு, இவனும் வர மாட்டான். நான்தான் ரெண்டு பேத்துக்கும் நடுவுல செத்தேன். இன்னிக்கு யாராவது ஒருத்தரு வந்தாவணும் மாமா. வராம நான் உள்ள வர மாட்டேன். நீங்க எடுத்துனு போயி எரிச்சிக்கோங்க."

சொல்லிவிட்டு அப்படியே புழுதியில் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற அரிகிருஷ்ணன் அம்மாவைப் பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். தெருவில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. உள்ளே போனான்.

"டேய் அரி" என்றார் ஆதிநாராயணன். "டேய், இன்னாடா பண்ற?"

பாவாடை தாம்பாளத்தைச் சைக்கிள் கடைத் திண்டில் வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினான். பெஞ்சு நிலையில் இடித்துக்கொள்ளாமல் வெளியே வந்தது. முதலில் கால்கள் வந்தன. படியில் இறக்கும்போது தேவநாதன் கொஞ்சம் சரிந்தார். ஞானம்பாள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். விளக்கை ஒரு பெண் கையால் மறைத்துக்கொண்டு கூடவே வந்தாள். நடுத்தெரு வரைக்கும் கொண்டுவந்து, பாண்டுரங்கனுக்கு இரண்டடி தள்ளி, பெஞ்சை இறக்கினார்கள்.

வாய்க்கட்டோடு கிடந்த அந்த முகத்தைப் பாண்டு பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்தான். மாமா என்று ஒரு சத்தம் வந்தது அவனிடமிருந்து. குனிந்து அவர் பாதத்தில் நெற்றியை வைத்தான். அந்தப் பாதம்தான் அன்றைக்குக் கப்பலின் மேல் இருந்தது என்று நீலாவதி நினைத்தாள். அவனும் அதை நினைத்திருப்பானோ என்னவோ.

எழுந்து கோடியைப் பிரித்துப் பெஞ்சைத் தொட்டு, அவள் தோளில் போட்டான். புதுத்துணியின் கஞ்சி வாசம் வந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சின் பக்கமும் திரும்பவில்லை. புடவையை இழுத்துச் சரியாகப் போர்த்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாரும் எதையும் தடுக்கவில்லை. அங்கேயே குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பாடையில் மாற்றினார்கள். பெஞ்சு ஈரத்தோடு தெருவில் காலியாகக் கிடந்தது. யாரோ தகரப்பெட்டியை அதன் மேல் எடுத்து வைத்தார்கள். குழந்தை அதைத் தொடப் போய் ஞானம்பாளிடம் ஓர் அடி வாங்கியது.

அரிகிருஷ்ணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பாடையின் முன்பக்கம் ஒரு பக்கத்துக்கு ஆதிநாராயணன் தோள் கொடுத்தார். இன்னொரு பக்கத்துக்கு, யாரும் கூப்பிடாமலே, பாண்டுரங்கன் போய் நின்றான். தூக்கினார்கள். இவர் குள்ளம், அவன் உயரம். பாடை ஆதிநாராயணன் பக்கம் சாய்ந்தது. மேலே இருந்த மாலை நழுவித் தொங்கியது. நாலடி போனார்கள். சாய்வு அதிகமாயிற்று. இரண்டு பேருமே தெரிந்தும் தெரியாதது போல நேரே பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"நேராப் புடிங்க!"

நடுத்தெருவில் நின்றபடி நீலாவதி கத்தியது மேளத்தையும் மீறிக் கேட்டது.

இரண்டு பேரும் நின்றார்கள். ஆதிநாராயணன் தோள் துண்டை உருவி மடித்துத் தோளுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் கொடுத்தார். பாண்டுரங்கன் முழங்காலை மடக்கினான். பாடை மட்டமாயிற்று. அப்படியே முழங்கால் மடங்கியபடி, தள்ளாடித் தள்ளாடி, அவன் ஆற்றுப் பாதை திரும்புகிற வரை நடந்து போனான்.